உபுண்டுவின் மேல் எக்ஸ்எஃப்சிஇ ஏற்றலாமா, புதிதாகவே போட்டுவிடலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது பத்து வருடப் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம். உபுண்டு 24.04 லினக்ஸ் போட்டிருக்கிறேன், ரொம்ப மெதுவாக ஓடுகிறது. அதன் மேலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை ஏற்றிக்கொண்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எக்ஸ்எஃப்சிஇயோடே வரும் ஸுபுண்டு போடச் சொல்கிறார் இன்னொருவர். தமிழ் தட்டச்சுதான் என் முக்கிய வேலை. எதைச் செய்வது? (வாசகி, கும்பகோணம்)

எக்ஸ்எஃப்சிஇ ஆயத்தமாக வரும் பதிப்பையே புதிதாகப் போடுங்கள். தினமும் சோறு போடும் கணினி ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

டெஸ்க்டாப் என்பது ஒரே நிரல் அல்ல. கோப்புகளைக் காட்டுவது ஒன்று, அறிவிப்பு காட்டுவது ஒன்று, திரையைப் பூட்டுவது, வைஃபை கடவுச்சொல்லை நினைவில் வைப்பது, பேட்டரி அளவைக் காட்டுவது என்று தனித்தனி நிரல்கள் பல சேர்ந்ததுதான் அது. எதோடு எது ஒத்துப்போகும் என்று யாரோ உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஸுபுண்டு குழு செய்வது அந்த வேலையைத்தான். அடியில் இருக்கும் கெர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு) நிரல் களஞ்சியமும் உபுண்டுவுக்கும் ஸுபுண்டுவுக்கும் ஒன்றே.

நீங்களே ஏற்றும்போது என்ன ஆகிறது? களஞ்சியத்தில் 'எக்ஸ்எஃப்சிஇ4' என்ற பெயரில் இருக்கும் தொகுப்பு வெறும் எலும்புக்கூடு. பேனல், சாளர மேலாளர், துனார் கோப்பு உலாவி, அமைப்புகள் எல்லாம் வரும். பேட்டரியையும் திரை வெளிச்சத்தையும் கவனிக்கும் பவர் மேனேஜர் அதில் சேராது, தனியாகத்தான் போட வேண்டும். இது தெரியாமல் வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்யவில்லையே என்று பாதி நாளைத் தொலைப்பவர்கள் உண்டு. 'ஸுபுண்டு-கோர்' என்ற தொகுப்பில் இந்த இணைப்புகள் ஒழுங்காக இருக்கும். 'ஸுபுண்டு-டெஸ்க்டாப்' முழு விருந்து. அதைப் போடும்போது நடுவில் ஒரு திரை வந்து, உள்நுழைவுத் திரைக்கு ஜிடிஎம்3 வேண்டுமா, லைட்டிஎம் வேண்டுமா என்று கேட்கும். எதைத் தேர்ந்தாலும் குடி முழுகிவிடாது, பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மெனுவைத் திறந்தால் கோப்பு உலாவி இரண்டு, டெர்மினல் இரண்டு, பிடிஎஃப் படிப்பான் இரண்டு என்று நிற்கும்.

கழற்றுவதுதான் பெரிய தலைவலி. 'ஸுபுண்டு-டெஸ்க்டாப்' என்பது ஒரு பட்டியலுக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். அதை நீக்கினால் பெயர் போகும், அது இழுத்து வந்த நூற்றுக்கணக்கான தொகுப்புகள் அப்படியே இருக்கும். 'ஆட்டோரிமூவ்' கட்டளை கொடுத்தாலும் அவை எல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. சில நேரம் உங்களுக்கு வேண்டியதும் சேர்ந்து போகும், அதனால் அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் சரி சொல்லாதீர்கள். எந்த நாளில் எதெது உள்ளே வந்தது என்பதை, தொகுப்புகளை ஏற்றும் நிரலான ஆப்ட் தன் வரலாற்றுக் கோப்பில் எழுதி வைக்கிறது. நான் லினக்ஸ் பழகிய காலத்தில் ஒரே கணினியில் மூன்று டெஸ்க்டாப் ஏற்றி, பிறகு அந்தக் கோப்பை வரிவரியாகப் பார்த்துத்தான் சுத்தம் செய்தேன். அப்போதும் பழைய தீமும் எழுத்துரு அளவும் விட்டுப் போகவில்லை. அவை உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புகளில் இருக்கின்றன. தொகுப்பை நீக்குவது அவற்றைத் தொடுவதே இல்லை.

எப்படி இருக்கிறது என்று பார்க்க மட்டும் ஆசையா? பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது நிறுவாமலே, ஓட்டிப் பாருங்கள், வன்தட்டில் எதுவும் எழுதப்படாது. உபுண்டுவுக்குள்ளேயே பார்த்தாக வேண்டும் என்றால் புதிதாக ஒரு பயனர் கணக்கு திறந்து, ஸுபுண்டு-கோரை மட்டும் ஏற்றுங்கள். உள்நுழைவுத் திரையில் பெயரைச் சொடுக்கிய பிறகு வலது கீழ் மூலையில் ஒரு பல்சக்கரம் தெரியும், அதில் எந்த டெஸ்க்டாப் என்று தேர்ந்துகொள்ளலாம். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் கதை வேறு. அதன் நிறுவியே க்னோமா (உங்கள் உபுண்டுவில் இப்போது இருக்கும் டெஸ்க்டாப்), எக்ஸ்எஃப்சிஇயா, கேடிஇயா என்று நிறுவும்போதே கேட்டுவிடும்.

இன்னொரு விஷயம், ஆதரவுக் காலம். உபுண்டு 24.04-க்கு 2029 வரை 5 வருட ஆதரவு. ஸுபுண்டு 24.04-க்கு 3 வருடம்தான், 2027 ஏப்ரலில் முடிகிறது. மேலே நீங்களாக ஏற்றினாலும் எக்ஸ்எஃப்சிஇ தொகுப்புகளுக்கு உபுண்டுவின் 5 வருடக் கணக்கு சேராது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதே உபுண்டு 24.04 அடித்தளம், 2029 வரை ஆதரவு. ஃபயர்ஃபாக்ஸ் அதில் ஸ்னாப்பாக (உபுண்டுவின் தனிப் பொதி முறை, திறக்க நேரமெடுக்கும்) வருவதில்லை. பழைய கணினியில் முதல் தடவை திறக்கும்போதே அந்த வித்தியாசம் தெரியும்.

வேகத்தைப் பற்றி அளவாக எதிர்பாருங்கள். க்னோமிலிருந்து மாறினால் சில நூறு எம்பி ரேம் மிஞ்சும், பத்து டேப் திறந்தால் பிரவுசர் அதை விழுங்கிவிடும். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், டெஸ்க்டாப்பை மாற்றும் முன் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள்.

இனி தமிழ். க்னோமில் ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு நிரல் உள்ளேயே இருப்பதால் நீங்கள் இதுவரை அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். எக்ஸ்எஃப்சிஇ-யில், ஆயத்தப் பதிப்பாக இருந்தாலும், ஐபஸையும், தமிழ்99 முதலிய விசைமுறைகளைத் தரும் அதன் எம்17என் தொகுப்பையும் போட்டு, உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். அதே நேரம், டெஸ்க்டாப்பின் விசைப்பலகை அமைப்புகளிலும் ஒரு தமிழ்99 தென்படும். அதைத் தேர்ந்துவிடாதீர்கள், அது வெறும் விசை வரைபடம். சோதிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அழுத்துங்கள். 'அம்மா' என்று புள்ளி தானாக விழுந்தால் எம்17என் வேலை செய்கிறது. விழாவிட்டால் தவறான தமிழ்99-இல் இருக்கிறீர்கள்.

புதிதாக நிறுவும் முன் ஹோம் ஃபோல்டரிலிருந்து ஆவணங்கள், படங்களை மட்டும் வெளியே நகலெடுங்கள். மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புகளைச் சுமந்து வர வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் கவனம். உபுண்டுவில் அது ஸ்னாப் என்பதால் உங்கள் புக்மார்க்குகள் வழக்கமான இடத்தில் இல்லை, ஸ்னாப் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் ஃபயர்ஃபாக்ஸிலிருந்தே ஏற்றுமதி செய்துவிடுங்கள். கடவுச்சொல் கோப்பு யார் திறந்தாலும் படிக்கக்கூடிய சாதாரண உரை. மின்டில் இறக்குமதி முடிந்ததும் பென்டிரைவிலிருந்து அதை அழித்துவிடுங்கள்.