உதவியை வாங்கலாம், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் கணவர் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி மூலமாகத் திருப்பூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ஒன்பது வருடம் காவலாளியாக இருந்தார். மாதம் 16,500 சம்பளம். 2024 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு டூட்டி முடிந்ததும், மாற்று ஆள் வரவில்லை என்று பகலும் அவரையே நிற்க வைத்தார்கள். அன்று இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பும் வழியில் பைக் சென்டர் மீடியனில் மோதி இறந்துவிட்டார். அவருக்கு 45 வயது. மில் முதலாளி வீட்டுக்கே வந்து மாலை போட்டு, இரண்டு பிள்ளைகளின் படிப்பையும் தன் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும் என்றார். 2 லட்சம் கொடுத்தார்கள். மாதம் 5,000 தருவதாகச் சொன்னது ஐந்து மாதத்தோடு நின்றுவிட்டது. கேட்டால், "தர்மமாகக் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கிறாயா" என்கிறார் ஏஜென்சி மேனேஜர். 2 லட்சத்தில் பாதியைக் காரியச் செலவு என்று கொழுந்தனார் வைத்துக்கொண்டார். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். மாமியார் எங்களோடு பேசுவதில்லை. இப்போது, நோட்டரி முன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். சொன்ன வாக்கை மீறியதற்கு முதலாளி மேல் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியாது, சகோதரி. பிரதிபலன் இல்லாமல் ஒருவர் தருவதாகச் சொன்ன பணத்தை ஒப்பந்தம் என்று வசூலிக்க, ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. கோயில் திருப்பணிக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டு பிறகு தராமல்விட்ட ஒருவர் மேல் போட்ட வழக்கையே 1936-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த 5,000-ஐ மறந்துவிடுங்கள். மேனேஜர் பேசிய பேச்சும், கொழுந்தனார் எடுத்துக்கொண்ட பாதியும் உங்கள் மனதை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று தெரிகிறது. ஆனால் அவற்றின் பின்னால் போனால், கையில் இருக்கும் பெரிய உரிமை காலாவதியாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் வழக்குக்கு வேண்டியது ஒரே வரிதான்: மாற்று ஆள் வராததால் பகலும் நின்றார், அந்த டூட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் இறந்தார். இது நிலைத்தால் உங்களுக்கு வர வேண்டியது உதவித்தொகை அல்ல, இழப்பீடு.

"டூட்டி முடிந்து வெளியே போனவருக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு" என்று ஏஜென்சி கேட்கும். அதற்கு உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 29-ல் பதில் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு காவலாளியின் குடும்பம் நடத்திய வழக்குதான். மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலையின் இரவுக் காவலாளி அவர். 2003 ஏப்ரலில், விடியற்காலை மூன்று மணி டூட்டிக்கு பைக்கில் போகும்போது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். பணியாளர் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையர் கொடுத்த இழப்பீட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்துக்கும் வேலைக்கும் நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றில் தொடர்பு இருந்தால், அது வேலையின்போது நடந்த விபத்தாகவே கொள்ளப்படும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தில் 51இ பிரிவாக 2010-ல் சேர்ந்த இந்த விதியை, 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் நீதிமன்றம் பொருத்தியது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலில் இருந்தாலும், உங்கள் கணவரின் மரணம் அதற்கு முந்தையது. அப்போதே பிறந்த உரிமை அதனால் அழிவதில்லை.

இனி அந்தத் தாள். முன்பு 2 லட்சம் வாங்கியபோது கொடுத்த ரசீது, இப்போது கையெழுத்துக் கேட்கும் தாள் இரண்டின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். முதல் ரசீதில் "கருணை அடிப்படையில் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருக்கிறது. அதனால் உங்களுக்குப் பாதகமில்லை, சாதகமே. கருணையாகக் கொடுத்ததை நாளைக்கு இழப்பீட்டில் கழிக்க முடியாது. இல்லை, அது இழப்பீடுதான் என்று மாற்றிச் சொன்னாலும் எடுபடாது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகவே ஆகாது என்கிறது அந்த 1923 சட்டத்தின் 8-வது பிரிவு. மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணமாகக் கொடுத்தது மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது தாள்தான் ஆபத்து. நீங்கள் பயப்படுவது அதன் கடைசி வரிக்கு: "இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்." அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் அதே சட்டத்தின் 17-வது பிரிவின்படி செல்லாது. ஏஜென்சியின் வக்கீலுக்கும் அது தெரியும். அவர் வேலை நான்காவது பத்தியில் இருக்கிறது: "என் கணவர் காலை 8 மணிக்குப் பணி முடித்துச் சென்றவர், பின்னர் தமது சொந்த வேலையாக வெளியே சென்றிருந்தபோது." உரிமையை விட்டுக்கொடுத்தது செல்லாது என்று ஆணையர் சொல்வார், உண்மை என்று நீங்களே ஒப்புக்கொண்டதை ஒதுக்க மாட்டார். குறுக்கு விசாரணையில் அந்தத் தாளைக் கையில் கொடுத்து, "இது உங்கள் கையெழுத்துதானே" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அத்தோடு வழக்கு படுத்துவிடும். படிக்காமல் போட்டேன், பணத்துக்காகப் போட்டேன் என்று அதற்கப்புறம் சொல்லிப் பெரிய பயனில்லை. நோட்டரி முன் போட்டதென்றால் இன்னும் சிக்கல். என்னிடம் வந்த குடும்பங்கள் பல இந்த இடத்தில்தான் விழுந்திருக்கின்றன. நெஞ்சுவலி முன்பே இருந்தது, குடிப்பழக்கம் உண்டு, அன்று விடுப்பில் இருந்தார் என்று ஒவ்வொரு தாளிலும் ஒரு வரி இருக்கும். உதவி கிடைக்கிறதே என்ற நன்றியில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

அவர்கள் ஏன் "காலை 8 மணி" என்று எழுதுகிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து 24 மணி நேரம் ஒரே ஆளை நிற்க வைத்ததை எந்த ஏஜென்சியும் டூட்டி ரெஜிஸ்டரில் எழுதாது. எழுதினால் ஓவர்டைம் கணக்கும் விதிமீறலும் வெளியே வரும். அன்றைய பகல் ஷிஃப்டில் அநேகமாக வேறு யாருடைய பெயராவது இருக்கும். அப்படியிருந்தால், காலையில் வேலை முடித்தவர் இரவு எட்டரைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். வழக்கின் பலவீனம் இது ஒன்றே.

அதனால் உங்கள் கணவரின் செல்போன்தான் இப்போது வீட்டிலேயே விலை மதிப்புள்ள பொருள். அதை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். காவலாளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில், மாற்று ஆள் வரவில்லை, நீங்களே பாருங்கள் என்று ஃபீல்டு ஆபீசர் போட்ட செய்தியோ குரல் பதிவோ இருக்கும். அன்று பகல் கேட்டில் நின்று அவர் அனுப்பிய போட்டோ இருக்கலாம், உங்களுக்கே போன் செய்து "இன்னைக்கு டபுள் டூட்டி" என்று சொல்லியிருக்கலாம். போனை அப்படியே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அதற்கு ஒரு சான்று தாக்கல் செய்ய வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்தால் போதாது. அப்புறம் எஃப்.ஐ.ஆரையும் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பியையும் வாங்குங்கள். அவரைக் கொண்டுவந்தவர் "மில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில்" என்று சொல்லியிருந்தால், பிரச்சினை எழும் முன்பே பதிவான அந்த ஒரு வரிக்கு நல்ல எடை உண்டு. அதே ஏஜென்சியில் இன்னும் வேலை பார்க்கும் நண்பர்களை நம்பி வழக்கை நடத்தாதீர்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

எங்கே மனுப் போடுவது என்பதில் தவறினால் வருடங்கள் போய்விடும். அவருக்கு இ.எஸ்.ஐ. இருந்ததா? 16,500 சம்பளம் என்பது 21,000 வரம்புக்குள்தான். சம்பளச் சீட்டில் பத்து இலக்கக் காப்பீட்டு எண் இருக்கிறதா, 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-வது பிரிவு குறுக்கே வரும்; 1923 சட்டத்தில் இழப்பீடு கேட்க முடியாது. இது தெரியாமல் ஆணையரிடம் நாலு வருடம் நடத்திவிட்டு, கடைசியில் அது தெரியவந்து மனு தள்ளுபடியானவர்கள் உண்டு. இ.எஸ்.ஐ. என்றால் மொத்தமாகப் பணம் வராது, மாதாமாதம் வரும்: தினச் சம்பளத்தில் 90 சதவீதம். உங்கள் குடும்பத்துக்கு மாதம் 14,000-க்கு மேல் வர வாய்ப்புண்டு. அதில் ஏழில் மூன்று பங்கு உங்களுக்கு, இரண்டிரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மறுமணம் செய்யாதவரை உங்கள் பங்கு ஆயுள் முழுக்க வரும். பல ஏஜென்சிகள் சம்பளத்தில் பிடித்துவிட்டுப் பதிவே செய்வதில்லை. அப்படியானால் அங்கே போனால் இங்கே போ என்பார்கள், இங்கே வந்தால் அங்கே போ என்பார்கள். அதற்கு என் வழி இதுதான்: இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; அதே வாரம், இந்த இழப்பீட்டு ஆணையரான தொழிலாளர் துணை ஆணையரிடமும் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். கெடு இரண்டு வருடம், 2026 ஆகஸ்ட். தாமதத்தை மன்னிக்க அதிகாரம் உண்டுதான், ஆனால் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது என்பதைக் காரணமாக ஏற்பார்கள் என்று எண்ணி உட்கார வேண்டாம். இந்த "இன்னும் ஒரு லட்சம்" பேச்சு கெடு நெருங்கும்போது வருவதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

மனுவில் மாமியார் பெயரும் இருக்க வேண்டும். பேசுவதில்லை என்பதெல்லாம் வேறு. கணவனை இழந்த தாய் சட்டப்படி சார்ந்திருப்போரில் ஒருவர். அவரை விட்டுவிட்டுப் போட்டால் எதிர்த்தரப்பே அவரைக் கொண்டுவந்து உங்களுக்கு எதிராக நிறுத்தும்.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் கணக்கு இப்படி: சம்பளம் எவ்வளவானாலும் சட்டத்துக்கு 15,000 வரைதான். அதில் பாதி 7,500. சட்டத்தின் அட்டவணையில் 45 வயதுக்கான காரணி 169.44. பெருக்கினால் 12,70,800 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாததால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதுவே வருடத்துக்கு ஒன்றரை லட்சம். நியாயமான காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். ஹெல்மெட் போடவில்லை, கண் அசந்துவிட்டார் என்று எஃப்.ஐ.ஆர். அவர் மேலேயே இருந்தாலும் கவலை வேண்டாம். மரணம் நேர்ந்த வழக்கில் பணியாளரின் கவனக்குறைவு முதலாளிக்குத் தப்பிக்கும் வழி ஆகாது.

இவ்வளவு இருந்தும் நான் சொல்வது: நல்ல தொகைக்கு வந்தால் சமரசமாகப் போங்கள். தீர்ப்பு வாங்குவது ஒன்று, பணம் வாங்குவது வேறு. ஏஜென்சிக்கு இழப்பீட்டுக் காப்பீட்டு பாலிசி இல்லையென்றால், அவர்களிடம் இருப்பது ஒரு வாடகை அலுவலகமும் நாலு சீருடையும்தான். நாளைக்கே வேறு பெயரில் தொடங்கிவிடுவார்கள். நிலவரி பாக்கி போல வசூலிக்க உத்தரவு வாங்கினாலும் அந்தக் கோப்பு கலெக்டர் ஆபீசில் தூங்கும். மில்லையும், வேலையை ஏஜென்சியிடம் விட்ட முதன்மை முதலாளி என்று 1923 சட்டத்தின் 12-வது பிரிவில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆனால் காவல் வேலை எங்கள் தொழிலின் பகுதியே அல்ல, நூல் நூற்பதுதான் தொழில் என்று மில் வாதாடும். அதில் முடிவு எப்படியும் போகலாம். பணம் இருப்பது மில்லிடம். முதலாளிக்கு ஊரில் பெயர் முக்கியம், அவர் அறக்கட்டளைக்கும் பெயர் முக்கியம். முன்பு கொடுத்த 2 லட்சத்தைச் சேர்க்காமல் 10, 11 லட்சத்தை ஆணையர் முன் கட்டுகிறோம் என்று வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டரில் இருக்கும் ஓட்டையை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். சமரசம் ஆணையர் முன் பதிவாக வேண்டும். மில் ஆபீசிலோ, கல்யாண மண்டபத்திலோ, பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையிலோ வேண்டாம். போனில் நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டால் 10 லட்சத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், முழுத் தொகையும் வட்டியும் கேளுங்கள்.

அவர்கள் இப்போது தருவதாகச் சொல்லும் ஒரு லட்சத்தையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், வீட்டு வாடகை இருக்கிறது. உதவியை வாங்குவதில் எந்தக் குறைச்சலும் கிடையாது. முதல் தடவை போலவே "கருணை அடிப்படையில் பெற்றேன்" என்று ஒரே வரியில் நீங்களே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் வாங்குங்கள். அந்தத் தாளில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அவர்கள் கொடுப்பது உதவியல்ல என்று தெரிந்துகொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இதோடு, யாரிடமும் சண்டை போடாமல் வரக்கூடிய பணம் மூன்று இடத்தில் இருக்கலாம். பைக் அவர் பெயரில் இருந்து, பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடும் சேர்ந்திருந்து, லைசென்சும் செல்லுபடியாக இருந்தால் 15 லட்சம். பி.எஃப். பிடித்திருந்தால், மரணம் எங்கே எப்படி நடந்திருந்தாலும், அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை. பி.எஃப். வழியாக வரும் விதவை ஓய்வூதியம் தனி. வங்கிப் பாஸ்புக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம். தாமதமாகிவிட்டது என்று இவற்றில் சிலவற்றை மறுக்கப் பார்ப்பார்கள். வாய்மொழியாகச் சொன்னதை ஏற்காமல் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். இன்று மாலையே பைக்கின் ஆர்.சி. புத்தகத்தையும் பாலிசியையும் தேடி எடுத்து வையுங்கள்.