20 நாள் குழந்தையை எங்கே கிடத்துவது?

வணக்கம். பகலில் தனியாக இருப்பதால், குளிக்கப் போகும்போது 20 நாள் குழந்தையைக் கட்டிலில் கிடத்தி நாற்புறமும் தலையணை வைப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை இன்றே நிறுத்திவிடுங்கள். புரளத் தெரியாத குழந்தையும் காலை உதைத்து உதைத்தே நகர்ந்துவிடும், தலையணை மூக்கை அடைத்துவிடலாம். சோபா அதைவிட ஆபத்தானது. தூளியில் துணி குழிந்து, தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சு தடைப்படும் என்பதால், அதில் ஆளில்லாமல் விடக்கூடாது.

தொட்டில் இல்லாத வீட்டில் தரையே நல்லது. கோரைப்பாயின் மேல் பருத்தி விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகி, குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள். தரை சில்லிடும் என்று பெரியவர்கள் சொன்னால், போர்வைக்குப் பதில் கூடுதலாக ஒரு சட்டை போடலாம். பால் சிந்திய துணியை அருகில் விட்டால் எறும்பு வந்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.