இணையக் கேள்வி பதில்: தேடினால் கிடைப்பதும் கிடைக்காததும்

கூகுளில் எதைத் தேடினாலும் முதலில் ஏஐ எழுதிய பதில் வந்து நிற்கிறது. அதை அணைக்க முடியுமா? நம்பலாமா?
– வாசகர், நாமக்கல்

ஒரேயடியாக அணைக்கும் பொத்தானைக் கூகுள் தரவில்லை. ஆனால் தேடல் பெட்டிக்குக் கீழே படங்கள், வீடியோக்கள், செய்திகள் என்று ஒரு வரிசை இருக்குமே, அதில் ‘வெப்’ என்று ஒன்று உண்டு. கண்ணில் படாவிட்டால் ‘மேலும்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தட்டினால் பழையபடி இணைப்புகள் மட்டும் வரும். தினமும் தட்டச் சலிப்பாக இருந்தால், கணினியில் தேடிய பிறகு முகவரிப் பெட்டியின் கடைசியில் ஒரு ‘&’ குறி, யூ, டி, எம் என்ற மூன்று சிறிய ஆங்கில எழுத்துகள், சமக்குறி, 14 ஆகியவற்றை இடைவெளி இல்லாமல் சேர்த்து என்டர் தட்டுங்கள். இதே முகவரியை, தேடிய சொல் இருக்கும் இடத்தில் ‘%s’ என்று மாற்றி, க்ரோம் அமைப்புகளில் தனித் தேடுபொறியாகச் சேமித்து, அதையே இயல்பாக வைத்துக்கொள்ளவும் முடியும்.

நம்புவதைப் பொறுத்தவரை, கேள்வி எது என்று பார்க்க வேண்டும். 2024 மே மாதம் அமெரிக்காவில் இந்த வசதி வந்த சூட்டிலேயே, பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லை என்றவர்களுக்குப் பசை கலக்கச் சொன்னது. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் எப்போதோ யாரோ கேலிக்கு எழுதிய வரியைச் சமையல் குறிப்பு என்று எடுத்துக்கொண்டதன் விளைவு அது. பருப்புக்கு எத்தனை விசில் என்பது வரை பரவாயில்லை. மருந்தின் அளவு, விண்ணப்பத்தின் கடைசித் தேதி, வங்கியின் உதவி எண் ஆகிய மூன்றையும் அந்த ஏஐ பதில் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி உதவி எண்களை இணையப் பக்கங்களில் விதைத்து வைக்கிறார்கள். உங்கள் வங்கியின் எண் ஏடிஎம் அட்டையின் பின்புறமே இருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

பழைய ஈழத்து இதழ்களின் பிடிஎஃப் கோப்புகள் சில என்னிடம் உள்ளன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது, தேடினால் ஒரு சொல்லும் அகப்படுவதில்லை. கூகுளில் தமிழில் தேடும்போதும் பாதிதான் வருகிறது. ஏன்?
– வாசகி, யாழ்ப்பாணம்

இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். முதலில் பிடிஎஃப். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அலங்கோலமான ஆங்கில எழுத்துகள் வந்தால் அது யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீட்டுக்கு) முந்திய எழுத்துரு. உங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பாமினியாக இருக்கும். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். தேடுபொறிக்குத் தெரிவது உள்ளே இருப்பது மட்டுமே. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டி, ‘பாமினியிலிருந்து யூனிகோடு’ என்று தேர்ந்தெடுத்தால் சில நொடிகளில் வேலை முடியும்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். கணினியில் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன்மேல் வலது சொடுக்கி, ‘கூகுள் டாக்ஸில் திற’ என்று கொடுங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். கோப்பு 2 எம்பிக்கு மேல் போகாமல் சில பக்கங்களாக வெட்டி ஏற்றுங்கள். இரண்டு பத்தி அச்சாக இருந்தால் ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டுவது நல்லது, இல்லாவிட்டால் இடது வரியும் வலது வரியும் பின்னிக்கொள்ளும். ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறும், ‘ண’ ‘ன’ குழம்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய, யானைத் தும்பிக்கை போட்ட ‘லை’, ‘னை’ உள்ள அச்சு என்றால் வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். வேறு வழியில்லை.

அடுத்தது கூகுள் தேடல். மேற்கோள் குறிக்குள் இட்டால் அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். “குடிநீர் கட்டணம்” என்று தேடினால், இலக்கணம் அறிந்தவர் “குடிநீர்க் கட்டணம்” என்று எழுதிய பக்கம் நழுவிவிடும். ஒற்று போட்டது ஒன்று, போடாதது ஒன்று என இரண்டையும் தனித்தனி மேற்கோளில் எழுதி, நடுவில் ஓ, ஆர் என்ற இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வையுங்கள். வேற்றுமை உருபும் இதே தொல்லைதான் தரும்: ‘வீடு’ வேறு, ‘வீட்டில்’ வேறு. ‘கூகுள்’, ‘கூகிள்’ போல இரண்டு விதமாக எழுதப்படும் கடன்சொற்களையும் இரண்டு விதமாகவே தேட வேண்டும்.

சேமித்து வைத்த பழைய செய்தி இணைப்பைத் திறந்தால் ‘பக்கம் இல்லை’ என்கிறது.
– வாசகர், கும்பகோணம்

கூகுள் தன்னிடமிருந்த பிரதியைக் காட்டும் வசதியை 2024 தொடக்கத்தில் எடுத்துவிட்டது. இப்போது கதி, 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேர்த்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின்தான். இணைப்பை அங்கே ஒட்டினால் நாள்காட்டி வரும். நீல வட்டம் உள்ள நாள் நல்ல பிரதி. பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆரஞ்சும் சிவப்பும் பிழைப் பக்கங்கள். ஒன்றுமே வரவில்லையா? முகவரியில் கேள்விக்குறியும் அதன் பின்னால் நீண்ட வாலும் இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பேஸ்புக்கிலிருந்து எடுத்த இணைப்புகளில் இந்த வால் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். இனிமேல் முக்கியமான செய்தியைப் படித்ததும் அதன் இணைப்பை வேபேக் மெஷினிலேயே ‘இந்தப் பக்கத்தைச் சேமி’ என்ற பெட்டியில் இட்டுவிடுங்கள். பணம் கட்டிப் படிக்கும் பக்கங்கள் மட்டும் முழுதாகச் சேராது.

சமையல் தளம் நடத்துகிறேன். கூகுளில் முதல் பக்கத்தில்தான் வருகிறேன், ஆனால் ஆட்கள் வருவது குறைந்துவிட்டது.
– வாசகி, தேனி

தளம் நடத்துவோருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில், தேடலில் எத்தனை முறை தெரிந்தது என்ற ‘இம்ப்ரெஷன்’ கோட்டையும் எத்தனை பேர் தட்டினார்கள் என்ற ‘கிளிக்’ கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது ஏறி இரண்டாவது இறங்கினால், பதிலைக் கூகுளிலேயே படித்துவிட்டுப் போகிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். தேடுபொறிகள் எதை எடுக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் ‘கூகுள்-எக்ஸ்டெண்டட்’ என்ற பெயரைத் தடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது கூகுளின் ஏஐயான ஜெமினிக்கானது, தேடலில் வரும் ஏஐ பதில் பெட்டியைத் தொடாது. பக்கத்தின் வரிகளை எடுத்துக் காட்டாதே என்று சொல்லும் ‘நோ-ஸ்னிப்பெட்’ குறிச்சொல் தொடும், ஆனால் பக்கம் முழுவதற்கும் போட்டால் தேடல் முடிவில் உங்கள் தலைப்பு மட்டும் மொட்டையாக நிற்கும். அளவுகள் உள்ள பகுதியை மட்டும் பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் ஒரு ‘டிவ்’ (தனிப் பகுதி) குறிக்குள் வைத்து, அதற்கு ‘டேட்டா-நோ-ஸ்னிப்பெட்’ கொடுப்பதே கெட்டிக்காரத்தனம்.

ஒரு செய்தித் தளத்தை ஒருமுறை திறந்ததிலிருந்து கைப்பேசியில் விளம்பர அறிவிப்பாகக் குவிகிறது. வைரஸா?
– வாசகர், ஓசூர்

இல்லை. எப்போதோ ‘அனுமதி’ என்று தட்டியிருக்கிறீர்கள். க்ரோமில் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய், அந்தத் தளத்தின் பெயரைத் தட்டித் தடுத்துவிடுங்கள்.