கல்லூரியில் செமஸ்டர் என்றால் என்ன, ஆண்டை ஏன் இரண்டாகப் பிரித்தார்கள்?

செமஸ்டர் என்பது ஆறு மாதம் எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். தமிழில் பருவம் என்கிறோம். முன்பு ஆண்டு முழுவதும் படித்ததை இறுதியில் ஒரே தேர்வாக எழுத வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் குறைக்கவே இந்தப் பிரிப்பு. மளிகைக் கடைப் பாக்கியை ஆண்டுக்கொருமுறை மொத்தமாக அடைப்பதற்கும் இரண்டு தவணைகளில் அடைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

கத்திரி வெயில் தணிந்து ஜூன், ஜூலையில் தொடங்கும் முதல் பருவம் நவம்பர் வாக்கில் முடிகிறது. கடலூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான் என்பதால், கெடிலம் ஆற்றில் வெள்ளம் புரண்டு விடுமுறை விட்ட நாள்களைச் சனிக்கிழமை வகுப்புகளால் ஈடுகட்டி, சுமார் 90 வேலை நாள்களை நிறைவு செய்ய வேண்டியிருக்கிறது. இங்குள்ள மாணவர்களுக்கு உண்மையிலேயே கடினமான பகுதி இதுவே.

"செமஸ்டர் எழுதினேன்" என்று பேச்சில் சொல்வதால் பலரும் அதைத் தேர்வின் பெயராகக் கொள்கிறார்கள். அது பாடம் நடக்கும் காலத்தின் பெயர்.