வெட்டி எறிந்த வரிகள்

*வணக்கம் ஐயா. சிங்கப்பூரில் யீஷூனில் வசிக்கிறேன். தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஊரிலிருந்து அவருக்கு வந்த கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றோடு நாலைந்து நிலப் பத்திரங்களும் உண்டு. பத்திரங்களை லேமினேட் செய்துவிடலாமா? வம்சாவளி வரைய எந்தச் செயலி நல்லது? கடிதங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வரும் நல விசாரிப்புகளை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்தில் ‘விய வருஷம் தை மாதம்’ என்று இருந்தது, 1946 என்று போட்டேன். புரியாத கையெழுத்தைப் பெரியம்மா படித்துச் சொல்வார், அவருக்கு 80 தாண்டிவிட்டது.*

*— ஒரு வாசகி*

அன்புள்ள சகோதரிக்கு,

லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. செலோடேப்பும் வேண்டாம், அது மஞ்சளாகிக் கறையை விட்டுவிட்டு உதிரும். பாலியஸ்டர் உறை வாங்கிப் பத்திரத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். பிவிசி உறை மையை உரித்து எடுத்துவிடும். பெட்டி வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்ட்டரில் (பதுங்கு அறையில்) இருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். காற்றோட்டமில்லாத அந்த அறையில், நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. கேமராவுக்கென்று விற்கும் உலர் பெட்டியை 50 சதவீதத்தில் வைத்தால் போதும். 30க்குக் கீழே இறக்கினால் தாள் மொரமொரத்து மடிப்பில் ஒடியும்.

செயலி எதுவானாலும் சரி. அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாத வரி வேறு. நல விசாரிப்புகளை விட்டுவிட்டீர்களாம். அம்மா, நீங்கள் தேடும் வம்சாவளியே அங்கேதானே இருக்கிறது! ‘விஷயம்’ என்று நீங்கள் எடுத்து வைத்திருப்பது என்னவாக இருக்கும்? பணம் வந்து சேர்ந்தது, மழை இல்லை, மாடு கன்று போட்டது. யார் யாருக்கு என்ன முறை என்பதை அந்தக் காலத்து ஆட்கள் விஷயத்தில் எழுத மாட்டார்கள். விளியில் எழுதுவார்கள்.

‘சிரஞ்சீவி’ என்று தொடங்கினால் பெறுபவர் இளையவர். ‘மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் அவர்களுக்கு’ என்றால் பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு இரண்டும் அந்த ஒரு வரியில் கிடைக்கின்றன. ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் ‘சௌ.’ இருந்தால் அந்தத் தேதியில் அவள் கணவர் உயிரோடு இருக்கிறார். அடுத்த கடிதத்தில் அது இல்லாமல் வெறும் பெயர் மட்டும் வந்தால், இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். எழுதியவரின் மறதியாகவும் இருக்கலாம், ஆகவே ஒரு கடிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சாவுச் செய்தி வந்த கடிதமே பெட்டியில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். கருமாதிப் பத்திரிகையைப் படித்த கையோடு கிழித்துப் போடுவதுதானே வழக்கம், வீட்டுக்குள் யார் வைத்துக்கொண்டார்கள்? இறப்பைச் சொல்ல உங்களிடம் மிஞ்சியிருப்பது இந்த ‘சௌ.’ போன்ற சின்னச் சின்னத் தடயங்கள்தான். அவற்றைத்தான் வெட்டி எறிந்துகொண்டிருக்கிறீர்கள்.

கடைசிப் பத்தியும் அப்படித்தான். ‘அத்தை, பெரியவன், குட்டி எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்’ என்பது அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களின் பட்டியல். தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள்: புதிதாக ஒரு பெயர் நுழையும் இடம் பிரசவமாகவோ கல்யாணமாகவோ இருக்கும். எழுதத் தெரியாத பாட்டி சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருந்தால், அவர் தன் வணக்கத்தையும் அடியில் ஒரு வரி சேர்த்திருப்பார். அந்த வரியில் வரும் முறை பாட்டிக்கு உரியதல்ல, எழுதியவருக்கு உரியது. அதனால் ‘மாமா’ என்று இருந்தால் மாமா என்றே தட்டச்சு செய்யுங்கள். தாய்மாமனா, மாமனாரா, அத்தை புருஷனா என்பதை நீங்களே தீர்மானித்துப் பெயரைப் போட்டு மாற்றாதீர்கள். சொந்தத்துக்குள் பெண் எடுத்த குடும்பத்தில் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம்.

இப்போது தேதி. 1946 தவறு. விய வருஷம் 1946 ஏப்ரல் நடுவில் பிறந்தது, அதன் தை மாதம் வருவது 1947 ஜனவரி–பிப்ரவரியில். மார்கழி பாதிக்கு மேல் பங்குனி முடிய எந்தக் கடிதமானாலும் ஆங்கில ஆண்டை ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் தபால்தலையும் முத்திரையும் வேண்டும். உறையைக் கடிதத்திலிருந்து பிரித்து வைக்காதீர்கள். ‘தை ௴ ௰௫ ௳’ என்றிருந்தால் தை மாதம் 15ஆம் தேதி. ௧ பார்வைக்கு ‘க’ மாதிரியும் ௰ ‘ய’ மாதிரியும் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். தலைப்பில் இருக்கும் பிள்ளையார் சுழியை இரண்டு என்று எண்ணிவிடவும் வேண்டாம்.

பத்திரங்களிலும் சர்வே எண்ணையும் பரப்பையும் மட்டும் குறித்துக்கொண்டு நான்கெல்லையை விட்டிருப்பீர்கள் என்று பயப்படுகிறேன். வடக்கே யார் நிலம், கிழக்கே யார் நிலம் என்று வரும் பெயர்களில் பாதிப் பேர் பங்காளிகளாக இருப்பார்கள். பாகப்பிரிவினையில் ஒரே நிலம் துண்டானால் அண்ணன் தம்பிதானே அண்டை நிலத்துக்காரர்? ‘பிதுரார்ஜிதமாக எனக்குப் பாத்தியப்பட்ட’ (தகப்பன் வழியில் எனக்குச் சேர்ந்த) என்ற இடத்துக்கு முன்னும் பின்னும் தகப்பனார் பெயர் இருக்கும், சில சமயம் பாட்டனார் பெயரும். சாட்சிக் கையெழுத்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை தட்டச்சு செய்ததை ஒதுக்கி வைத்துவிட்டு முதல் கடிதத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும், பின்பக்கத்தையும், உறையையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். நீல ஏரோகிராம்களில் இடம் போதாமல் ஓரத்தில் சுற்றி எழுதியிருப்பார்கள், அதையும் திருப்பிப் படியுங்கள். அந்தப் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பெரியம்மா முன் வையுங்கள், கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கடிதம் போதும், அவரைக் களைப்பாக்காதீர்கள். விளியிலிருந்து கையொப்பம் வரை அவரே வாய்விட்டுப் படிக்கட்டும். ஒரு பெயரில் அவர் நின்றால், குறுக்கே பேசாமல் காத்திருங்கள். இந்த வார இறுதியிலேயே போய் உட்காருங்கள்.