தாந்தே தேடிய சிறுத்தை

அன்புள்ள ஐயா,

இத்தாலிய மொழியைத் தாந்தேதான் உருவாக்கினார் என்று ஓர் உரையில் கேட்டேன். ஒரு கவிஞர் தனியாளாக ஒரு மொழியை உருவாக்கிவிட முடியுமா? அவருக்கு முன்னால் அங்கே ஜனங்கள் பேசியது லத்தீனா? இன்னொரு சந்தேகம். வீரமாமுனிவரின் தாய்மொழி இத்தாலியன் என்று படித்திருக்கிறோம். அவர் வீட்டில் பேசியது தாந்தேயின் மொழிதானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஜனங்கள் தாந்தேக்காகக் காத்திருக்கவில்லை. 960-ஆம் ஆண்டு, நேப்பிள்ஸுக்கு வடக்கே கப்புவாவில் ஒரு நில வழக்கு. மோந்தே கஸீனோ மடத்துக்கும் ரோதெல்கிரிமோ என்பவருக்கும் தகராறு. தீர்ப்பு முழுக்க லத்தீன். சாட்சிகள் சொன்னது மட்டும் ஊர்ப்பேச்சிலேயே பதிவாகியிருக்கிறது. “சாவோ கோ கெல்லே தெர்ரே” என்று தொடங்கும் ஒற்றை வாக்கியம். ‘இந்த எல்லைக்குட்பட்ட அந்த நிலங்களை முப்பது வருஷமாகப் புனித பெனடிக்ட் தரப்பினர் (அதாவது அந்த மடத்தார்) அனுபவித்து வந்தது எனக்குத் தெரியும்’ என்று பொருள். மூன்று சாட்சிகளும் ஒருவர் பின் ஒருவராக அதையே ஒப்பிக்கிறார்கள். வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘சாங்க்தி பெனெதிக்தி’ மட்டும் லத்தீன் வேற்றுமையோடு அப்படியே நிற்கிறது. பேச்சுமொழிக்குள்ளும் மடத்தின் பெயருக்கு லத்தீன் மரியாதை!

ரோமில் சான் கிளெமென்தே கோயிலின் சுவரோவியம் இன்னும் வேடிக்கை. ஏறத்தாழ 1100-ஐ ஒட்டியது. புனிதரை இழுத்துப்போகச் சொல்கிறான் ஒரு பிரபு. வேலையாட்கள் புனிதர் என்று நினைத்து ஒரு கல்தூணை இழுக்கிறார்கள். பிரபு அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவது ஊர்ப்பேச்சில். புனிதர் பேசுவது லத்தீனில். எந்த மொழி எதற்கு என்பதில் ஓவியருக்குக் குழப்பமே இல்லை.

தாந்தேக்குத்தான் குழப்பம். 1302-இல் ஃப்ளாரன்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்டு ஊர் ஊராக அலைந்தபோது, தாய்மொழியின் சிறப்பைப் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார், அதுவும் லத்தீனில். பதினான்கு வட்டாரப் பேச்சுகளை எடுத்துப் பார்த்து ஒன்றையும் தேறவிடவில்லை. ரோமாபுரிப் பேச்சுதான் இருப்பதிலேயே அசிங்கம் என்கிறார். சொந்த ஊரான ஃப்ளாரன்ஸ்காரர்களையும் விடவில்லை. நாம் தேடும் மொழி ஒரு சிறுத்தை, அதன் வாசனை எல்லா ஊரிலும் வீசுகிறது, உருவம் எங்கும் தென்படவில்லை என்கிறார். நூல் பாதியில் நின்றுபோனது. அப்புறம் உட்கார்ந்து பெருங்காவியத்தை எழுதினார். எந்த மொழியில்? பெரும்பாலும் அந்த ஃப்ளாரன்ஸ் பேச்சில்தான்.

ஆனால் மொழிக்குச் சட்டம் போட்டவர் வேறு. பியெத்ரோ பெம்போ, வெனிஸ்காரர். 1525-இல் அவர் வைத்த வாதம் இது: எழுத வேண்டுமா, கவிதைக்கு பெத்ரார்க்காவைப் பார், உரைநடைக்கு பொக்காச்சோவைப் பார். இருவரும் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளாகியிருந்தன. தாந்தேயை அவர் ஒரு படி கீழேதான் வைத்தார், சொற்கள் கரடுமுரடு என்று. உங்கள் உரையாளர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார் என்று தோன்றுகிறது. பிறகு ஃப்ளாரன்ஸில் மொழிக்கென்றே ‘குருஸ்கா’ கழகம் எழுந்தது. அந்தச் சொல்லுக்குத் தவிடு என்று பொருள், சின்னம் சல்லடை. தவிட்டைச் சலித்துத் தள்ளி மாவை மட்டும் வைத்துக்கொள்வதாக நினைப்பு. 1612-இல் அவர்களுடைய அகராதி வந்தது.

ஆக, இத்தாலியன் நூற்றாண்டுக் கணக்கில் ஏட்டில் வாழ்ந்த மொழி. எழுதப்பட்டது, படிக்கப்பட்டது, சமையலறையில் மட்டும் இல்லை. இன்றைய இத்தாலிய மாணவர் அடிக்குறிப்பின் துணையோடு தாந்தேயைப் படித்துவிட முடிவதற்கும் இதுவே காரணம் என்பேன். வாயில் புழங்கியிருந்தால் தேய்ந்திருக்கும். 1861-இல் நாடு ஒன்றானபோது இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ கணக்கிட்டார். அது குறைவு, பத்துப் பேர் வரை இருக்கலாம் என்றார் இன்னொரு மொழியியலாளர் அர்ரிகோ கஸ்தெல்லானி. பத்தே என்றாலும் என்ன பெரிய கூட்டம்! முதல் பிரதமர் கவூருக்கே பிரெஞ்சுதான் சரளம். மிலானைச் சேர்ந்த மன்சோனி, அச்சாகிவிட்ட தன் நாவலை ஃப்ளாரன்ஸ் பேச்சுக்கு ஏற்ப வரிவரியாகத் திருத்தி 1840-இல் மறுபடி வெளியிடத் தொடங்கினார். ஃப்ளாரன்ஸ் வழியே ஓடும் ஆர்னோ ஆற்றில் துணி அலசினேன் என்பது அவர் சொன்னது. பிற்பாடு பள்ளிக்கூடம், பட்டாளம், 1954-இல் தொடங்கிய தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்துதான் இந்த மொழியை வீட்டுக்குள் கொண்டுவந்தன.

சரி, வீரமாமுனிவர். பிறந்தது 1680-இல், மாந்துவா அருகே காஸ்தில்யோனேயில். வடக்கே போ ஆற்றுச் சமவெளி. அங்கத்திய வீட்டுப்பேச்சுக்கும் ஃப்ளாரன்ஸ் பேச்சுக்கும் வெகுதூரம். ஆகவே அவர் வீட்டில் ஒன்று, ஏட்டில் இத்தாலியன், சேசு சபையில் லத்தீன் என்று மூன்றோடு வளர்ந்திருப்பார் என்பது என் ஊகம். இங்கே வந்து கொடுந்தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என இரண்டு இலக்கணங்களை லத்தீனில் தனித்தனியாக எழுதிவைத்தார். பேச்சும் எழுத்தும் இப்படிப் பிரிந்து கிடப்பதைப் பார்த்து அவர் பெரிதாக ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.