இதயத்தில் பிறவி ஓட்டை உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டுமா?

எனக்கும் பிறவியிலேயே இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. "சின்னதுதான், அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்று டாக்டர் விட்டுவிட்டார். 34 வயதில் அங்கே கிருமி தொற்றியது.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆபரேஷன் செய்யாத சின்ன ஓட்டை மட்டும்தான் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. முன்பெல்லாம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கொடுத்தார்கள். 2007-ல் அமெரிக்க இதயச் சங்கம் அதைச் சுருக்கிவிட்டது. செயற்கை வால்வு வைத்தவர்கள், உடம்பு நீலம் பாயும் வகைக் குறையைச் சரிசெய்யாதவர்கள், ஓட்டையை அடைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள், ஏற்கெனவே இந்தத் தொற்று வந்தவர்கள் போன்றோருக்குத்தான் இப்போது தருகிறார்கள். உங்கள் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை இதய டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் நான் பல்லே பிடுங்கவில்லை. மாதக்கணக்கில் ஈறில் ரத்தம் கசிந்தது, காலையில் துப்பினால் நுரை ரோஸ் நிறத்தில் இருக்கும். யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது? அப்புறம் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி பனியனைப் பிழிகிற அளவுக்கு வியர்வை. தெருமுனை கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது, மாத்திரை முடிந்த நாலாம் நாள் திரும்பி வந்தது. இப்படி இரண்டு சுற்று. மூன்றாவது தடவை இருமலும் சேர்ந்துகொண்டது.

தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, சின்ன ஓட்டையில் ரத்தமும் அப்படித்தான். அது போய் மோதுகிற இடத்தில் உள்சவ்வு சேதமாகி, ஈறு போன்ற இடங்களிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி அங்கே ஒட்டிக்கொண்டு கட்டியாகத் திரள்கிறது. அந்தக் கட்டியிலிருந்து பிய்ந்த துணுக்குகள் நுரையீரலுக்குப் போனதால்தான் இருமல்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று முறை பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தும் எதுவும் வளரவில்லை. நான் விழுங்கியிருந்த மாத்திரைகள் கிருமியை அரைகுறையாக அமுக்கிவிட்டனவாம். எந்தக் கிருமி என்றே தெரியாமல் ஆறு வாரம் நரம்பு வழியாக ஊசி. கடைசி வாரம் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட நர்ஸுக்கு நரம்பே அகப்படவில்லை, புறங்கை முழுக்க நீலம்.

அதனால் பல்லை விடக் காய்ச்சலைக் கவனியுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் நாள்கணக்கில் இழுத்தால், முதல் ஆன்டிபயாடிக்கை விழுங்கும் முன்பே, "எனக்கு இதயத்தில் ஓட்டை இருக்கு, பிளட் கல்ச்சர் எடுத்துடுங்க" என்று நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை வந்துவிட்டதால் இப்போது நானும் அந்தப் பட்டியலில். ஈறைக் கிளறும் வேலை எதுவானாலும் முக்கால் மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் நாலு, ஒரே வாயாக. பெரும்பாலும் ஆட்டோவில் போகும்போதே முழுங்கிவிடுவேன்.